மாலைக்கு முன் மூன்று ஷிஃப்ட்: முன்னாள் படைவீரரை மதிப்பது பற்றி எங்கள் நிலைப்பாடு

ஆகஸ்ட் 15, ஜனவரி 26, கார்கில் நாளான ஜூலை 26, கொடிநாளான டிசம்பர் 7. இந்தத் தேதிகள் நெருங்கினால் எங்கள் சங்கத்துக்கு போன் வரத் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற ஒருவர் வேண்டும், கம்பெனி விழா மேடையில் உட்கார இரண்டு பேர் வேண்டும், முடிந்தால் மெடல் குத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்பார்கள். போகிறோம். சால்வை போடுகிறார்கள், டீ கொடுக்கிறார்கள், பிள்ளைகள் சல்யூட் அடிக்கிறார்கள். பிள்ளைகளின் சல்யூட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மாலை போட்ட அதே நிர்வாகத்தின் கேட்டில் எங்களில் ஒருவர் அன்றைக்கும் காவலாளியாக 12 மணி நேரம் நின்றுகொண்டிருப்பார்.

"படைவீரர்களை மதிக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று இந்தப் பகுதியின் நிறுவனங்களும் பள்ளிகளும் கட்சிக்காரர்களும் எங்களைக் கேட்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வாழும் முன்னாள் படைவீரர்களும், கணவரை இழந்த பெண்களும் கூடிப் பேசி எழுதிய பதில் இது. சில இடங்களில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. அதையும் மறைக்கவில்லை.

சுருக்கமாகச் சொன்னால்: படைவீரருக்கு நாடு தர வேண்டியது நன்றி அல்ல, பாக்கி. சேரும்போது எழுதிக் கொடுத்த வாக்கை முடிந்து வரும்போது தீர்ப்பதுதான் மரியாதை. பாக்கியைத் தீர்க்காமல் பாராட்டுவது கடன்காரன் கை குலுக்குவது போல. இதற்கு மேல் தனிப்பட்ட சலுகை எதையும் நாங்கள் கேட்கவில்லை. வரிசையில் எங்களை முன்னால் விட வேண்டாம். எங்களுக்காக யாரும் எழுந்து நிற்க வேண்டாம்.

வடசென்னையிலிருந்து இப்படி ஒரு அறிக்கை வருவதில் வியப்பு ஒன்றும் இல்லை. பட்டாளம் என்றால் வேலூர் மாவட்டத்து கிராமங்களையும் ராமநாதபுரத்தையும் நினைப்பவர்கள், பட்டாளத்துக்கு வண்டி செய்து கொடுத்த ஊர் இது என்பதை மறந்துவிடுகிறார்கள். எல்லைக் காவலுக்காக ராணுவம் 350 சிசி புல்லட் மோட்டார் சைக்கிள்களை ஆர்டர் செய்ததில் இருந்துதான் 1955-இல் திருவொற்றியூர் ஆலையின் கதை தொடங்குகிறது. எண்ணூர் அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரியில் ஏறாமல் மலைமேல் போன ஜவான் எங்கள் தலைமுறையில் குறைவு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதும் இந்தக் கரையில்தான். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பிய போர் நினைவுச் சின்னம் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் சில நிறுத்தம் தள்ளி நிற்கிறது. போரும் தொழிலும் இங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

காகிதம்

ஒரு படைவீரர் இறந்த பிறகு அவருடைய மரியாதை ஒரு பெண்ணின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில் தொங்குகிறது. இது மிகைப்படுத்தல் இல்லை.

தமிழ்நாட்டுப் பையன் பட்டாளத்தில் சேரும்போது அவனுக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். படிவத்திலோ முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்கள். தமிழ் தெரியாத கிளார்க் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதுகிறார். அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. கல்யாணம் ஆனதும் மனைவியின் பெயர் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற படைப் பதிவில் ஏறுகிறது. அங்கே ஒரு எழுத்து கூடும் அல்லது குறையும், பிறந்த தேதி உத்தேசமாக இருக்கும். முப்பது நாற்பது வருடம் யாருக்கும் அது தெரியாது. கணவர் கண்ணை மூடிய பிறகுதான் ஆதாரில் ஒரு பெயர், பென்ஷன் ஆணையில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர் என்று மூன்று பெண்கள் எழுந்து நிற்பார்கள். மூவரும் ஒருத்திதான் என்று அந்த அம்மா நிரூபிக்க வேண்டும்.

எங்கே நிரூபிப்பது? கணவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் வெலிங்டனில். பீரங்கிப் படை என்றால் நாசிக். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். இஎம்இ என்றால் செகந்திராபாத். கடற்படை என்றால் மும்பை. தரைப்படைக்காரரின் பென்ஷன் தீர்மானமாவது பிரயாக்ராஜில். எல்லாம் இப்போது ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையத் தளத்தில் வந்துவிட்டது, வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பணம் நேராகக் கணக்கில் விழுவதும், கணக்கைத் திரையில் பார்க்க முடிவதும் நல்ல மாற்றம்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பழைய தப்பு புதுக் கம்ப்யூட்டரில் ஏறினால் அது இன்னும் கெட்டியாகிவிடுகிறது. முன்பு வங்கி மேலாளரிடம் போய் அழவாவது முடிந்தது. லைஃப் சர்டிபிகேட்டுக்கு ரேகை விழாத விரல்களோடு கடைகடையாக அலையும் எண்பது வயதுக்காரரிடம் 'ஆப் இருக்கிறதே' என்று சொல்வது பதில் ஆகாது.

இதில் எங்கள் பகுதிக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. ஆனால் 2018-இல்தான் திருவொற்றியூர் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. அதுவரை மாநகராட்சி சென்னை, மாவட்டம் திருவள்ளூர். பழைய அடையாள அட்டை வைத்திருப்பவர் எந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாமல் இரண்டு இடத்துக்கும் அலைந்திருக்கிறார். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நகரத்தின் எந்த மூலைக்கும் போகலாம். எந்த மூலைக்குப் போவது என்று சொல்ல ஆள் வேண்டும்.

எங்கள் கோரிக்கை பெரிதில்லை. முன்னாள் படைவீரர் நலத்துறை மாதம் ஒரு நாள் திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் உட்காரட்டும். பெயர்த் திருத்தம், குடும்ப ஓய்வூதியம், லைஃப் சர்டிபிகேட் மூன்றுக்கும் அதே மேசையில் வழி சொல்லட்டும். அதைவிட முக்கியம், கணவர் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு வீட்டிலும் மனைவியின் பெயரைச் சரிபார்க்க வேண்டும். இதை நாங்களே வீடு வீடாகச் செய்யத் தயார். எங்கள் ஆண்களுக்கு ஒரு வார்த்தை: பீரோச் சாவியை மட்டும் கொடுத்தால் போதாது, டிஸ்சார்ஜ் புக் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

உடல் ஊனத்துக்கான ஓய்வூதியம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ராணுவத்தில் சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது. அதற்குப் பிறகும் ஜவான்கள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், ஜெயித்த வழக்கில் அரசு மேல்முறையீடு செய்துகொண்டே இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய வழக்காடியான அரசோடு ஒரு ஓய்வுபெற்ற நாயக் மோதுவது நியாயமான சண்டை இல்லை. மேல்முறையீட்டை அரசு விதிவிலக்காக வைத்துக்கொள்ளட்டும், வழக்கமாக வேண்டாம்.

மருத்துவத்துக்கு 2003 ஏப்ரல் 1 முதல் இசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. திட்டம் நல்ல திட்டம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கு அரசு பில் பாக்கியைக் காலத்தில் தீர்க்காதபோது, 'கார்டு இருக்கிறதா? அப்படியானால் பெட் இல்லை' என்று பதில் வருகிறது. நெஞ்சு வலி வந்தால் எங்கள் ஆட்கள் இன்றைக்கும் ஓடுவது ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத்தான். ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் பற்றி 2015-லிருந்து நாடே பேசிவிட்டது. 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. அதை இங்கே நீட்டவில்லை.

கொடியும் போஸ்டரும்

கொடிநாள் வசூலுக்கு 1949-லிருந்து வரலாறு உண்டு. சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று முப்படைக்கும் மூன்று நிறம். அந்தப் பணம் போர் விதவைகளுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் போகிறது என்பதால் நாங்கள் அதை ஆதரிக்கிறோம். ஆனால் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் இலக்கு வைத்து, எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 'கொண்டு வந்தாயா' என்று கேட்டு வாங்கும் பணத்தில் எங்களுக்குப் பெருமை இல்லை. கொடுக்கிறவர் மனம் வந்து கொடுக்கட்டும். மாவட்டத்தில் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு திரும்பி வந்தது என்பதை அடுத்த கொடிநாளுக்குள் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

தேர்தல் பிரச்சாரத்தில் படைவீரர்களின் படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013-லும், மறுபடி 2019 மார்ச்சிலும் கட்சிகளுக்குச் சொன்னது. இதில் எல்லாக் கட்சிக்கும் எங்கள் பதில் ஒன்றே. இறந்தவனின் முகத்துக்குப் பக்கத்தில் உங்கள் முகத்தை ஃபிளெக்ஸில் அச்சடிக்காதீர்கள். அவனுடைய அம்மா அந்தத் தெருவில்தான் நடக்கிறாள்.

துறைமுகம், 1990

எங்களுக்குள் சண்டை வந்தது இந்த இடத்தில்தான். இதை விட்டுவிடலாம் என்றவர்கள் இருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தின் நிழலில் வாழ்ந்துகொண்டு படைவீரரின் மரியாதை பற்றி எழுதி, இதை எழுதாமல் விடுவது கோழைத்தனம் என்றவர்களே கடைசியில் ஜெயித்தார்கள்.

1987 ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணம் போய்ச் சேரத் தொடங்கியது. காவலுக்கு என்று போன படை சில மாதங்களில் புலிகளோடு போரில் இருந்தது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே உயிர் விட்டார்கள். சென்னையில் பயிற்சி பெற்று 1972-இல் அதிகாரியான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று அங்கே இறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. 1990 மார்ச் 24-இல் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது. அவர்கள் வந்து இறங்கிய இடம் சென்னைத் துறைமுகம். வரவேற்புக்கு அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை.

வீரர்களுக்கு நேர்ந்த அவமானம் என்று இதை இன்றும் பலர் மேடையில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் நாங்கள் சேரவில்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்தபோது நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் கொல்லப்பட்டார்கள். அந்த மருத்துவமனையில் சொந்தக்காரரைப் பறிகொடுத்த குடும்பங்கள் கடல் தாண்டி வந்து இந்தத் தமிழ்நாட்டில் வாழ்கின்றன. அவர்களுடைய வலியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு முதலமைச்சர் மாலையோடு கப்பலடிக்கு வந்திருக்க வேண்டும் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறோம். கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் இல்லை. போகச் சொன்னதும் திரும்பச் சொன்னதும் டெல்லி. எதிரில் நின்று சுடுகிறவனும், தண்ணீர் கேட்கும் கிழவியும் ஒரே மொழி பேசுகிற ஊரில் நின்ற தமிழ்ச் சிப்பாய் எப்படித் தூங்கினான் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. தமிழ்நாட்டின் பக்கம் அவன் தமிழனைச் சுட்டவன். டெல்லியின் பக்கம், ஜெயிக்காத போரின் சிப்பாய். இரண்டு பக்கமும் வாயைத் திறக்காததால் அவனும் திறக்கவில்லை. கொழும்பின் ஓரம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் அங்கே இறந்த வீரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, இந்தியப் பிரதமரே போய் மலர் வைத்திருக்கிறார். உயிரோடு திரும்பியவர்கள் வந்து இறங்கிய கரைக்கு அந்த நாள் நினைவில் இல்லை.

சென்னைத் துறைமுகத்தின் வெளிச்சுவரில், தெருவில் போகிறவர் படிக்கும்படி ஒரு பலகை வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. அதில் திரும்பி வராத வீரர்களும் இருக்க வேண்டும், இந்தியப் படையின் கையால் இறந்த ஈழத்துப் பொதுமக்களும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருக்கும் பலகையை நாங்கள் திறந்து வைக்க வர மாட்டோம். இந்த ஒரு வரிக்காக எங்கள் சங்கத்திலிருந்து விலகியவர்கள் உண்டு. அவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. சேவையை மதிப்பதும், அந்தச் சேவையை எதற்கு அனுப்பினார்கள் என்று கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நாங்கள் நினைக்கவில்லை. கேள்வி கேட்கிறவர்கள் அதிகம் இருந்திருந்தால், போயிருக்கத் தேவையில்லாத இடங்களுக்கு எங்களை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

கேட்

ஜவான் பெரும்பாலும் 35 வயதிலிருந்து 45-க்குள் வெளியே வந்துவிடுகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், வீட்டுக் கடன் பாதியில். பென்ஷன் சோறு போடும், பள்ளிக்கட்டணம் கட்டாது. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களில் 14.5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. ஒதுக்கீடு இருந்தும் இடங்கள் நிரம்பாமலே கிடக்கின்றன. 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுகிறார்கள். கடைசியில் அவர் வந்து நிற்பது மணலியிலோ எண்ணூரிலோ ஒரு கேட்டில், தோளில் ஏஜென்சியின் பேட்ஜோடு.

இங்கே ஒரு கேள்வி. கப்பலின் என்ஜின் அறையில் பதினைந்து வருடம் இருந்தவர், பாலம் போட்ட சாப்பர், டாங்கியின் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டிய இஎம்இ மெக்கானிக், லடாக்கில் லாரி ஓட்டிய டிரைவர், இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வேலை வாட்ச்மேன் வேலைதான் என்று யார் முடிவு செய்தது? துறைமுகங்கள், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, மின் நிலையங்கள், லாரித் தொழிற்சாலை எல்லாம் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் பகுதி இது. கிரேன் ஓட்ட, பம்ப் பார்க்க, தீயணைக்க, வெல்டிங் போட ஆள் இல்லை என்று சொல்கிறார்கள். 'மிலிட்டரிக்காரர்' என்றதும் கை தானாகக் கேட்டைக் காட்டுகிறது. ஒழுக்கமானவர், நேரத்துக்கு வருவார், எதிர்த்துப் பேச மாட்டார். எங்களைப் பற்றி நிர்வாகங்கள் சொல்லும் இந்தப் பாராட்டின் மூன்றாவது பகுதியைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கச் சொல்கிறோம்.

எதிர்த்துப் பேசாதது எங்கள் குணம் இல்லை, சட்டம். அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவும் 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமும் படையில் இருப்பவர் சங்கம் சேரும் உரிமையைக் கட்டுப்படுத்துகின்றன. படைக்கு அது தேவைதான். ஆனால் டிஸ்சார்ஜ் ஆன அன்றே அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. அவிழ்ந்தது எங்களில் பலருக்கே தெரிவதில்லை. அது தெரியாத வரை ஏஜென்சிக்கு லாபம். ஆள் வரவில்லை என்றால் அதே ஆள் இன்னொரு ஷிஃப்ட் நிற்பார். 12 மணி நேரம் என்று வாய்மொழியாகச் சொல்வார்கள், ரிஜிஸ்டரில் 8 என்று இருக்கும். வார லீவு எடுத்தால் அந்த நாள் சம்பளம் போய்விடும்.

8 மணி நேர வேலை இந்த நகரத்துக்குப் புதிதில்லை. 1918-இல் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்கள்தான் மெட்ராஸ் தொழிலாளர் சங்கத்தை எழுப்பினார்கள். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே கடற்கரையில். அந்தப் பாரம்பரியத்தின் வாசலில் நின்றுகொண்டு 12 மணி நேரம் காவல் காக்கிறோம்.

இதைவிட எங்களைச் சுடுவது வேறு ஒன்று. ஆலையில் வேலைநிறுத்தம் வந்தால் கேட்டை மூடச் சொல்லி முன்னால் நிறுத்துவது எங்களைத்தான். எதிரில் நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர், அவர் மகன் எங்கள் மகனோடு படிக்கிறான். பட்டாளத்தில் கற்ற கட்டுப்பாட்டை, ஊர்க்காரரை நெட்டித் தள்ளுவதற்காக மாதச் சம்பளத்துக்கு வாங்குகிறார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. நுழைகிறவரைச் சரிபார்ப்பதும், தீ பிடித்தால் ஆளை வெளியேற்றுவதும், லாரியின் சீலைப் பார்ப்பதும் காவலாளியின் வேலை. தொழில் தகராறில் ஒரு பக்கத்தின் கைத்தடியாக நிற்பது அவர் வேலை இல்லை. எங்கள் உறுப்பினர்களுக்கு நாங்கள் சொல்வது: நீங்களும் தொழிலாளர்கள். உங்கள் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம் இருந்தால் சேருங்கள்.

நிறுவனங்களிடம் கேட்பது மூன்று ஷிஃப்ட். எட்டு எட்டாக, ரிஜிஸ்டரில் எழுதியபடி. மிகுதி நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஆள் எடுப்பது 1986-லிருந்து இருக்கும் மாநில அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாகவோ, மத்திய அரசின் மறுவாழ்வு இயக்குநரகமான டிஜிஆர் பட்டியலில் உள்ள ஏஜென்சி வழியாகவோ இருக்கட்டும். அவர்கள் நிர்ணயிக்கும் ஊதியம் ஆளின் கைக்கு முழுதாக வந்து சேர்கிறதா என்பதை முதலாளியே பார்க்க வேண்டும், ஏஜென்சி மேல் பழியைப் போடக் கூடாது. கேட்டுக்கு ஆள் எடுப்பதற்கு முன் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் ட்ரேட் என்ன என்று ஒரு நிமிடம் படித்துப் பாருங்கள். தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு மாநில அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் ஒரு கோடி ரூபாய் வரை கடனும், மூலதனத்தில் 30 சதவீத மானியமும் தருகிறது, நல்லது, வரவேற்கிறோம். ஆனால் எல்லா நாயக்கும் முதலாளி ஆக முடியாது. பெரும்பாலானோர் தொழிலாளியாகவே வாழ்வார்கள், அந்த வாழ்க்கை ஒழுங்காக இருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது எங்கள் அளவையும் நாங்கள் அறிவோம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மக்கையும் வாளியையும் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ளியவர்கள் மீனவர்கள். அவர்களுக்கு எந்தத் தேதியிலும் சால்வை கிடையாது. ஆபத்தில் நிற்பது எங்கள் தனிச் சொத்து என்று நாங்கள் சொன்னால் இந்த ஊரே சிரிக்கும். அதனால்தான் காவலாளிக்குக் கேட்கும் எட்டு மணி நேரத்தை, முன்னாள் படைவீரர் அல்லாத காவலாளிக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

அடுத்து வரப்போகிறவர்கள்

2022 ஜூன் 14-இல், நான்கு ஆண்டுக்கு மட்டும் படைக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் அதை எதிர்த்து சென்னை போர் நினைவுச் சின்னத்தின் அருகே இளைஞர்கள் திரண்டு நின்றார்கள். உடல் தகுதியில் தேறி, எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் அவர்கள். போலீஸ் பேசிக் கலைத்தது. அத்தோடு அந்தச் செய்தி முடிந்துவிட்டது. கணக்கு முடியவில்லை.

இந்தத் திட்டத்தின் முதல் அணி அக்னிவீரர்கள் 2022-இன் கடைசியில் சேர்ந்தார்கள். நான்கு ஆண்டு 2026-இன் கடைசியில் முடிகிறது. நூற்றுக்கு 25 பேர் வரை படையில் தொடரலாம். மீதிப் பேர் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீட்டுக்கு வருவார்கள். அதில் பாதி அவர்களுடைய சம்பளத்திலிருந்தே பிடித்தது. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, இசிஹெச்எஸ் இல்லை, கேன்டீன் கார்டு இல்லை. விதிப்படி அவர்கள் 'முன்னாள் படைவீரர்' என்ற கணக்கிலேயே வர மாட்டார்கள். பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடும் வேறு தொகைகளும் உண்டு. அதே பங்கரில், அதே குண்டில் இறந்த நிரந்தர ஜவானின் வீட்டுக்குப் போகும் மாதக் குடும்ப ஓய்வூதியம் அக்னிவீரரின் வீட்டுக்குப் போகாது. 2023 அக்டோபரில் சியாச்சினில் ஒரு அக்னிவீரர் பணியில் இறந்தபோது நாடு இதைச் சில நாள் பேசிற்று.

படை இளமையாக இருக்க வேண்டும், பென்ஷன் செலவு கூடிக்கொண்டே போகிறது என்ற வாதங்கள் எங்களுக்குப் புரியாதவை அல்ல. எங்கள் கூட்டத்திலேயே அப்படிப் பேசிய சுபேதார்கள் இருந்தார்கள். ஆனால் பணியில் நடந்த சாவுக்கு இரண்டு விலை இருக்கக் கூடாது என்பதில் ஒருவரும் மாறுபடவில்லை. பணியில் இறந்தாலும் ஊனமானாலும் நிரந்தர ஜவானுக்கு உள்ள ஓய்வூதியமே அக்னிவீரருக்கும் வர வேண்டும். திரும்பி வருகிறவர்களை முன்னாள் படைவீரராகப் பதிவு செய்ய வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒதுக்கீடு அறிவித்தால் போதாது, ஆள் எடுத்த கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இருபத்திரண்டு வயதில் திரும்பும் பையனை ஏஜென்சிக்காரர் முதலில் பிடிப்பதற்குள், இந்தப் பகுதி ஐடிஐ-களும் ஆலைகளும் அவனை அப்ரெண்டிஸாக எடுக்க ஒரு பட்டியல் தயார் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலுக்கு ஆட்களின் விவரம் திரட்டித் தரும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் பங்குக்கு சங்க விதி ஒன்றை மாற்றிவிட்டோம். இதுவரை உறுப்பினராகச் சேர பென்ஷன் ஆணையின் நகல் கேட்டு வந்தோம். இனிமேல் கேட்க மாட்டோம். படையில் ஒரு நாள் சீருடை போட்டிருந்தாலும், டிஸ்சார்ஜ் காகிதம் கையில் இருந்தால் சேரலாம். நான்கு வருடம் முடித்து வருகிற அக்னிவீரருக்கு முதல் வருடச் சந்தா கிடையாது. அவருடைய அம்மாவின் பெயரும் மனைவியின் பெயரும் ஆவணங்களில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வந்தவுடன் நாங்கள் செய்யும் முதல் வேலை.